விரல் விடு தூது

பழந்தமிழ்ப் புலவர்கள் அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூது விடுத்துப் பாடினர். தூது என்பது நம் மொழியில் தனியோர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. திருக்குறளிலும் தூதுக்கென ஓர் அதிகாரம் உண்டு. தூது செல்வது, தன்னை விடுத்தவரைச் சுமந்து செல்வதில்லை. அவர் சொல்லியனுப்பிய செய்தியை மட்டுமே கொண்டு செல்கின்றது. கேட்பவர் அச்செய்திக்கு ஏற்பச் செயற்படுகின்றார். இவ்வுண்மையை நினைவிற் கொண்டால், இக்கால இசைக்கருவி ஒன்றன் இயல்பை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வீட்டிலுள்ள கணிப்பொறியோடு இணைத்து வாசிக்கப்பெறும் இசைப்பலகையே அக்கருவி.

ஆர்மோனியத்திலும் பியானோவிலும் காண்பது போன்று, வெள்ளையும் கறுப்புமாக வரிசையாய் அமைந்த கட்டைகளை உடையது இது. 'கீபோர்டு' என்று பலரும் இதனை வழங்குவர். எழுத்துகளைப் பொறிக்க உதவும் விசைப்பலகையினின்று வேறுபடுத்தும் பொருட்டு, இப்பாடத்தில் இதனை இசைப்பலகை என்றே குறிப்போம். 25 கட்டைகளை உடைய சிறு பலகைகளும் உண்டு. பியானோவைப் போன்று 88 கட்டைகளை உடைய பெரும் பலகைகளும் உண்டு. அவற்றுட் சில தாமே ஒலி எழுப்ப வல்லவை. வேறு சில, ஒலி எழுப்பும் உறுப்பு எதுவும் இல்லாதவை.

இவ்விரண்டாம் வகைப் பலகையை முதன்முதலில் வாங்கிக் கணிப்பொறியோடு இணைப்பவர் திகைப்படைதல் இயல்பு. கம்பியைச் செருகுவர்; கட்டையை அழுத்துவர்; ஓசை எழாது. மீண்டும் அழுத்துவர், அப்பொழுதும் அமைதியே நிலவும். கருவி பழுதுடையது என்று அவர் கருதக்கூடும். ஆனால், கருவியிற் பழுதில்லை. கம்பியின் வழியே ஓசை செல்லும் என்று எண்ணியதே பிழை. அதன் வழியே செல்வது ஓசையன்று. விரல் செய்த செயலைப் பற்றிய செய்தியே ஆகும். அச்செய்தியைக் கேட்டு ஓசையை எழுப்ப வேண்டியது கணிப்பொறியின் பொறுப்பு.

அச்செய்தி எத்தகையது? நாம் ஒரு கட்டையை அழுத்தியவுடன் பலகை மூன்று எண்களை அனுப்புகின்றது. அவை 144, 60, 100 எனக் கொள்வோம். முதல் எண், 'முதலாம் தடத்தில் ஒரு சுரம் தொடங்குக' என்னும் கட்டளை. இரண்டாம் எண், அழுத்தப்பெற்ற கட்டை எது என்பதை உணர்த்துவது. 60 என்பது மேனாட்டு இசையார் 'நடு சி' என்று கூறும் சுரம். நம் பாடகர்கள் 'ஒரு கட்டைச் சுருதி' என்று கூறும்பொழுது சுட்டுவதும் 'சி' என்னும் சுரத்தையே. 88 கட்டைகள் கொண்ட பலகையில் இடக்கோடியிலுள்ள கட்டைக்கு 21 என்பதும், வலக்கோடியிலுள்ள கட்டைக்கு 108 என்பதும் எண்களாம். மூன்றாம் எண், கட்டை எவ்வளவு விரைவாகக் கீழிறங்கிற்று என்பதைத் தெரிவிப்பது. மிக மென்மையான தொடுதலுக்கு 1. மிக வன்மையான தொடுதலுக்கு 127. விரலை எடுத்தவுடன், 'அச்சுரத்தை நிறுத்துக' என்னும் மற்றொரு செய்தி விரைகின்றது.

விரலின் வன்மையையும் மென்மையையும் பலகை எங்ஙனம் அறிகின்றது என்று நீங்கள் வினவலாம். ஒவ்வொரு கட்டையின் கீழும் பொதுவாக இரண்டு மின்தொடுமுனைகள் உள்ளன. கட்டை இறங்கும்பொழுது ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாகத் தொடுகின்றன. இரண்டிற்கும் இடைப்பட்ட நேரத்தைப் பலகை அளக்கின்றது. விரல் விரைந்து இறங்கினால் அந்நேரம் குறையும். மெல்ல இறங்கினால் அந்நேரம் மிகும். இவ்வளவே அதன் நுட்பம்.

ஓசையை அனுப்பாமல் செய்தியை அனுப்புவதனால் விளையும் நன்மைகள் பல. குறுந்தட்டின் தரத்தில் ஒரு நிமிட இசையைப் பதிவு செய்தால், அது கணிப்பொறியில் ஏறத்தாழ ஒரு கோடி பைட்டு அளவுள்ள இடத்தைக் கொள்ளும். ஒரு நிமிடத்தில் 600 சுரங்களை வாசித்தாலும், தொடக்கமும் நிறுத்தமுமாக 1,200 செய்திகளே உண்டாகும். ஒரு செய்திக்கு மூன்று பைட்டு வீதம் அவை 3,600 பைட்டு அளவினவே. காலக்குறிப்புகளைச் சேர்த்தாலும் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். அன்றியும், பியானோவாக வாசித்ததைப் புல்லாங்குழலாக மாற்றி ஒலிக்கச் செய்யலாம். விரைந்து வாசித்ததைச் சுரத்தின் நிலை மாறாமல் மெதுவாக்கிக் கேட்கலாம். நூறு சுரங்களுள் ஒன்று தவறினால் அவ்வொன்றை மட்டும் திருத்தலாம். ஓவியத்தைத் திருத்துவதற்கும் கடிதத்தைத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாடே இங்கும் உள்ளது.

ஆயினும், தூது சொல்வது கேட்பவருக்கு விளங்க வேண்டுமானால் இருவருக்கும் பொதுவான மொழி ஒன்று வேண்டும் அன்றோ? 1980 ஆம் ஆண்டளவில் மின்னிசைக் கருவிகளுக்கு அத்தகைய பொதுமொழி இல்லை. நிறுவனங்கள் தத்தமக்குரிய முறைகளைக் கையாண்டன. ஒரு நிறுவனத்தின் பலகை மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு எளிதிற் பேச இயலாது. ஒரு நிறுவனத்தின் கருவியை வாங்கியவர், அதனோடு இசைந்து இயங்கும் பிற கருவிகளையும் அந்நிறுவனத்திடமே வாங்க நேர்ந்தது. விற்போருக்கு இஃது ஊதியமாகத் தோன்றலாம். இசைவாணருக்கோ இது தளை.

இத்தளையை நீக்க முன்வந்தோருள் இருவர் தலையாயவர். ஒருவர், சப்பான் நாட்டினராகிய இக்குதாரோ காக்கேஹாஷி. 1930 ஆம் ஆண்டில் பிறந்த இவர் குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்தவர். இளமையில் எலும்புருக்கி நோயால் வருந்தி, மருத்துவமனையில் நெடுநாள் கிடந்து பிழைத்தவர். கடிகாரமும் வானொலியும் பழுது பார்த்துத் தம் உழைப்பால் உயர்ந்து, 1972 ஆம் ஆண்டில் ரோலண்ட் என்னும் நிறுவனத்தை நிறுவினார். மற்றொருவர், அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் சீக்வென்சியல் சர்க்கியூட்சு என்னும் நிறுவனத்தை நடத்திய டேவ் சிமித்து. இவ்விருவரும் ஒரே சந்தையில் போட்டியிட்ட வணிகர்கள். எனினும், கருவிகள் அனைத்திற்கும் பொதுமொழி வேண்டும் என்னும் கருத்தில் ஒன்றுபட்டனர்.

1981 ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், ஒலிப்பொறியியல் அறிஞர்கள் கூடிய மாநாட்டில் சிமித்து இக்கருத்தை விளக்கிக் கட்டுரை படித்தார். யமகா, கோர்க், கவாய் என்னும் சப்பானிய நிறுவனங்களும் இம்முயற்சியிற் பங்குகொண்டன. 1983 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கலிபோர்னியாவிலுள்ள அனகைம் நகரில் இசை வணிகர்களின் கண்காட்சி நடைபெற்றது. அங்கே சிமித்தின் நிறுவனம் செய்த பலகையையும் ரோலண்ட் நிறுவனம் செய்த பலகையையும் ஒரு கம்பியால் இணைத்தனர். ஒன்றில் அழுத்த, மற்றொன்று ஒலித்தது. போட்டியாளர் இருவரின் கருவிகள் ஒன்றன் சொல்லை ஒன்று உணர்ந்த நிகழ்ச்சி அது.

அப்பொதுமொழிக்கு 'மிடி' என்று பெயரிட்டனர். இசைக்கருவிகளை எண்முறையில் இணைக்கும் இடைமுகம் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆகிய பெயர் இது. தமிழில் மிடி என்பது வறுமையைக் குறிக்கும் சொல். இந்த மிடியோ இசைவாணரின் வறுமையை ஓரளவு போக்கிற்று என்று கூறலாம். ஏனெனில், இம்மொழியைக் கையாள்வதற்கு உரிமைக் கட்டணம் எதனையும் அதனை உருவாக்கியோர் விதிக்கவில்லை. பெரிய நிறுவனமும் சிறிய பட்டறையும் ஒருபடித்தாக அதனைப் பயன்படுத்தலாயின. விலை குறைந்த கருவிக்கும் விலை உயர்ந்த கருவிக்கும் மொழி ஒன்றே ஆயிற்று. 2013 ஆம் ஆண்டில் காக்கேஹாஷிக்கும் சிமித்துக்கும் தொழில்நுட்பத்திற்குரிய கிராமி விருது வழங்கப்பெற்றது. காக்கேஹாஷி 2017 ஆம் ஆண்டிலும் சிமித்து 2022 ஆம் ஆண்டிலும் மறைந்தனர். அவர்கள் தந்த பொதுமொழி இன்றும் வழக்கில் உள்ளது. 1983 ஆம் ஆண்டின் பலகையும் இன்றைய கணிப்பொறியோடு பேச வல்லது.

இனி, இசைப்பலகையைக் கணிப்பொறியோடு இணைக்கும் முறையைக் காண்போம். தொடக்கத்தில் மிடிக்கென வகுத்த இணைப்பு, ஐந்து முள்களை உடைய வட்டச் செருகியாகும். அதன் வழியே நொடிக்கு 31,250 பிட்டுகள் செல்லும்; ஒரு சுரத்தின் செய்தி சென்று சேர நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். பத்து விரல்களும் ஒருங்கே விழுந்தாலும், அவற்றின் செய்திகள் வரிசையாக நொடியில் நூற்றில் ஒரு பங்கிற்குள் சென்று சேர்ந்துவிடும். அவ்விணைப்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. செய்தியைப் பெறும் கருவியினுள், மின்சாரம் ஒரு சிறு விளக்கை ஒளிரச் செய்கின்றது. எதிரேயுள்ள உறுப்பு அவ்வொளியைக் கண்டு செய்தியை உணர்கின்றது. ஆதலால் ஒரு கருவியின் மின்னோட்டம் மற்றொன்றிற் கலந்து இரைச்சலை விளைப்பதில்லை. 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த அடாரி எஸ்.டி. என்னும் வீட்டுக் கணிப்பொறி இத்தகைய துளைகளைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது.

1999 ஆம் ஆண்டில், யு.எஸ்.பி. என்னும் பொது இணைப்பின் வழியே மிடிச் செய்திகளை அனுப்பும் விதிகள் வகுக்கப்பெற்றன. அதன் பின்னர் வேலை எளிதாயிற்று. இக்காலப் பலகைகள் பலவற்றை ஒரே யு.எஸ்.பி. கம்பியால் கணிப்பொறியோடு இணைக்கலாம். சிறு பலகைகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தையும் அக்கம்பியின் வழியே பெற்றுக்கொள்கின்றன. பழைய பலகையாயின், வட்டச் செருகியையும் யு.எஸ்.பி. இணைப்பையும் பொருத்தும் இடையிணைப்பி ஒன்று வேண்டும். அப்பொழுது ஒன்றை மறத்தலாகாது: பலகையின் 'அவுட்' என்னும் துளையினின்று புறப்படும் செய்தி, எதிர்ப்புறத்தின் 'இன்' என்னும் வாயிலிற் புகுதல் வேண்டும். இரு வாயும் பேசினால் கேட்கும் செவி இராது.

கம்பியைச் செருகிய பின்னர்க் கணிப்பொறியில் இசை மென்பொருள் ஒன்றைத் திறத்தல் வேண்டும். ஆப்பிள் கணிப்பொறியில் கராஜ்பேண்டு என்பதும், பிற கணிப்பொறிகளில் எல்.எம்.எம்.எஸ். என்பதும் விலையின்றிக் கிடைப்பவை. அம்மென்பொருளில் மூன்று தெரிவுகளைச் செய்தல் வேண்டும். செய்தி எப்பலகையிலிருந்து வருகின்றது என்பது முதலாவது. அதனை எந்தக் கருவியின் ஒலியாக மாற்ற வேண்டும் என்பது இரண்டாவது. அவ்வொலி எந்த ஒலிபெருக்கியின் வழியே வெளிவர வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் செவ்வனே அமைந்தால், கட்டையை அழுத்தியவுடன் இசை எழும்.

இசை எழவில்லையாயின் மனங்கலங்க வேண்டுவதில்லை. கட்டையை அழுத்திக்கொண்டே திரையை நோக்குக. இத்தகைய மென்பொருள்களில், செய்தி வரும்பொழுது மினுங்கும் சிறு குறி ஒன்று இருக்கும். அது மினுங்கினால் தூது வந்து சேர்ந்துவிட்டது. குறை ஒலியின் பக்கத்தில் உள்ளது. கருவியின் ஒலியைத் தெரிவு செய்தோமா, ஒலிபெருக்கி இயங்குகின்றதா என்று பார்த்தல் வேண்டும். அக்குறி மினுங்காவிடில் தூது புறப்படவில்லை, அல்லது வழியில் நின்றுவிட்டது. கம்பியையும் முதல் தெரிவையும் ஆராய்தல் வேண்டும். இவ்வாறு வழியை இரண்டாகப் பகுத்து, குறை எப்பகுதியில் உள்ளது என்று காண்பதே எக்கருவியையும் சீர்செய்வார் கைக்கொள்ளும் முறை.

சில வேளைகளில் ஒரு சுரம் நில்லாது ஒலித்துக்கொண்டே இருக்கும். 'நிறுத்துக' என்னும் செய்தி வழியில் தவறியதே காரணம். இதற்கென்றே 'எல்லாச் சுரங்களும் அடங்குக' என்னும் தனிக்கட்டளையும் மிடியில் உண்டு. தானே ஒலி எழுப்பும் பலகையை இணைத்தால், ஒரு கட்டைக்கு இரண்டு ஒலிகள் எழக்கூடும். ஒன்று பலகையினது, மற்றொன்று கணிப்பொறியினது. அப்பொழுது பலகையிலுள்ள 'லோக்கல்' என்னும் அமைப்பை நிறுத்திவிட்டால், கணிப்பொறியின் ஒலி மட்டுமே கேட்கும்.

கட்டையை அழுத்திய சற்று நேரம் கழித்து ஒலி எழுவது, தொடக்கத்தில் பலருக்கும் தோன்றும் இடர். இக்குறை தூதினால் நேர்வதன்று. தூது நொடியில் ஆயிரத்தில் சில பங்கிற்குள் வந்துவிடுகின்றது. கணிப்பொறி ஒலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்து வெளியிடுவதாலேயே இது நேர்கின்றது. நொடிக்கு 44,100 ஒலிக்கூறுகள் என்னும் அளவில், 1,024 கூறுகளைச் சேர்த்து வெளியிட்டால் ஏறத்தாழ 23 மில்லி நொடி தாழ்க்கும். 256 கூறுகளைச் சேர்த்து வெளியிட்டால் 6 மில்லி நொடியே தாழ்க்கும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ 3 மில்லி நொடி ஆகின்றது. ஆதலின் 6 மில்லி நொடித் தாழ்வு, இரண்டு மீட்டர்த் தொலைவிலுள்ள கருவியைக் கேட்பது போன்றதேயாம். அது விரலை வருத்தாது. மென்பொருளின் அமைப்பில் இவ்வெண்ணைக் குறைத்துக்கொள்ளலாம். மிகக் குறைத்தால் கணிப்பொறி இளைத்து, ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். கம்பியில்லாப் புளூடூத் ஒலிபெருக்கிகள் மேலும் தாழ்ப்பவை. ஆகலின் வாசிக்கும்பொழுது கம்பியுடைய ஒலிபெருக்கியே ஏற்றது.

இத்துணைச் சிறப்புடைய தூதுக்கும் எல்லை உண்டு. எந்த எண்ணுக்கு எந்தக் கருவியின் ஒலி என்பதைப் பொதுவாக்க, 1991 ஆம் ஆண்டில் 128 ஒலிகளின் பட்டியல் ஒன்று வகுக்கப்பெற்றது. அதில் சித்தாரும் செனாயும் இடம்பெற்றன. வீணையும் நாகசுரமும் இடம்பெறவில்லை. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. நம் இசையின் உயிர் கமகம். ஒரு சுரம் அசைந்தும் வழுக்கியும் அடுத்த சுரத்தைத் தழுவும்பொழுதே இராகத்தின் வடிவம் புலனாகின்றது. பன்னிரண்டு கட்டைகளாக நிலைத்து நிற்கும் பலகையில் அவ்வசைவு தோன்றுவது அரிது. 1940 ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி, அத்தடையைப் பல்லாண்டுகள் நீட்டித்தமைக்குக் கூறப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று.

இக்குறையைப் போக்கப் பல இசைப்பலகைகளின் இடப்புறத்தில் சிறு உருளை ஒன்று அமைந்துள்ளது. வலக்கை கட்டையை அழுத்தியிருக்க, இடக்கை அவ்வுருளையைச் சுழற்றினால் சுரம் வளைந்து அசையும். அவ்வளைவை 16,384 படிகளாகப் பகுத்துத் தெரிவிக்க மிடி இடந்தருகின்றது. ஆனால், ஒரே தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தும் ஒருங்கே வளைந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு சுரத்திற்கும் தனித்தடம் அளிக்கும் முறை 2018 ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்றது. 2020 ஆம் ஆண்டில் மிடியின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. தொடுதலின் வன்மையை 128 படிகளுக்கு மாறாக 65,536 படிகளில் அது தெரிவிக்க வல்லது. பழைய கருவிகளைத் தள்ளிவிடாமல், அவற்றோடு பழைய மொழியிலேயே பேசுமாறும் அதனை அமைத்தனர்.

மாணவர்களே! தூது எத்துணை நுட்பமாயினும், விடுத்தவர் சொல்லாததைத் தான் சொல்வதில்லை. விரல் தயங்கினால் அத்தயக்கத்தையும், தாளம் தவறினால் அத்தவற்றையும் அது அப்படியே கொண்டு சேர்க்கும். மென்பொருள் சில சுரங்களைத் திருத்தித் தரலாம். எவ்விடத்தில் மென்மை வேண்டும், எவ்விடத்தில் அமைதி வேண்டும் என்பதை வாசிப்பவரின் உள்ளமே உணர்தல் வேண்டும். அவ்வுணர்ச்சி நாள்தோறும் செய்யும் பயிற்சியால் வருவது. போட்டியாளர்கள் தம் தனி ஊதியத்தைக் கருதாது ஒரு பொதுமொழியை உலகிற்கு வழங்கினர். அம்மொழியில் இனிய செய்தியை அனுப்புவது, கட்டையின்மேல் விரலை வைப்பவர் கடமையாகும்.